வீட்டுக் கணினிக்கு ஒரு கிராணியார்

(ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றின் சமூக மண்டபத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில மாதங்களுக்கு முன்னர், குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கூட்டம் முடிந்து புறப்படும் நேரத்தில், பால்வெட்டுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் என்னை அணுகினார். "ஐயா, என் மகள் பாலிடெக்னிக்கில் கணினிக் கல்வி பயில்கிறாள். வீட்டில் பழகுவதற்கு டேட்டாபேஸ் செர்வர் வேண்டும் என்கிறாள். கடைக்காரர் ஒருவர் அதற்கெனத் தனி இயந்திரமும் மென்பொருளும் சேர்த்து ஒரு விலை சொல்லியிருக்கிறார். சீட்டுப் பணம் இப்பொழுதுதான் கைக்கு வந்தது. கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார்.

வீட்டில் இப்பொழுது என்ன கணினி உள்ளது என வினவினேன். பிறர் பயன்படுத்தியதை வாங்கியது என்றும், 4 கிகாபைட் நினைவகம் கொண்டது என்றும் கூறினார். "அது போதும். சீட்டுப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு காசும் செலவிட வேண்டாம்" என்று சொன்னேன். அவர் முகத்தில் நிம்மதியைவிட ஐயமே மிகுதியாகத் தெரிந்தது. விலையில்லாத பொருள் நல்ல பொருளாக இருக்குமா என்னும் ஐயம் அது. அன்று விளக்கிச் சொல்ல நேரமில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்ட விளக்கத்தையே இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்ல விரும்புகிறேன்.

செர்வர் என்பது என்ன?

இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் பயிலும் பிள்ளைகள் 'பங்காலான் டாத்தா' என்னும் சொல்லை வீட்டில் உச்சரிக்கக் கேட்டிருப்பீர்கள். தமிழில் அதனைத் தரவுத்தளம் என்கிறோம். சொல் புதியது, பொருள் நமக்குப் பழையது. நம் தோட்டத்து செக்ரோல் ஒரு தரவுத்தளமே. இன்னார் இத்தனை நாள் வேலைக்கு வந்தார், இத்தனை கிலோ பால் கொண்டுவந்தார், இத்தனை வெள்ளி சம்பளம் பெறவேண்டும் என்னும் விவரங்கள் வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாக அதில் எழுதப்படுகின்றன.

அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதிவிட முடியுமா? முடியாது. காலைப் பெரட்டில் மண்டோர் சொல்வதைக் கேட்டு எழுதுபவர் கிராணியார். நமக்குக் கணக்கில் ஐயம் வந்தால் அவரிடந்தான் கேட்கிறோம். நிர்வாகிக்கு மாதக் கணக்கு வேண்டுமானாலும் அவரிடமே கேட்கிறார். புத்தகத்தைக் காப்பது, ஒழுங்காக எழுதுவது, கேட்டவருக்கு உரிய விடையைத் தேடித் தருவது ஆகிய மூன்றும் அவருடைய பணிகள். கணினிக்குள் இம்மூன்று பணிகளையும் செய்யும் மென்பொருளே தரவுத்தள செர்வர் ஆகும்.

செர்வர் என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். அந்த இயந்திரத்துக்குள் இயங்கும் மென்பொருளையும் குறிக்கும். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நம் மாநிலத்தில் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் பெரிய தரவு மையங்கள் எழும்பியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். கூலாய் யங் தோட்டம் என்று பெயர் பெற்றிருந்த நிலத்தில் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா அமைந்துள்ளது. அங்கே அடுக்கடுக்காக நிற்பவை செர்வர் இயந்திரங்கள். கற்கும் மாணவிக்கு அத்தகைய இயந்திரம் தேவையில்லை. அதனுள் இயங்கும் மென்பொருள் மட்டுமே தேவை. அது சாதாரண வீட்டுக் கணினியிலும் இயங்கும். கேள்வி கேட்பவரும் விடை சொல்லும் கிராணியாரும் ஒரே கணினிக்குள் இருக்கலாம்; அதனால் கற்பதற்கு ஒரு குறையும் நேராது.

ஒரே மொழி, பல கிராணியார்கள்

1970ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர், விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, அவற்றை ஒன்றோடொன்று உறவுபடுத்திக் காணும் முறையை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர், 1974ஆம் ஆண்டில் அவ்வட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை அமைத்தனர். அதுவே இன்று எஸ்கியூஎல் எனப்படுகிறது. 1986ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிறுவனமும், 1987ஆம் ஆண்டில் அனைத்துலகத் தர அமைப்பும் அதனைத் தரமாக ஏற்றுக்கொண்டன.

பெற்றோர் இச்செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். எந்த செர்வரில் பழகினாலும் கேட்கும் மொழி பெரும்பாலும் ஒன்றே. 'செலெக்ட்' என்று எழுதினால் எடுத்துக் காட்டு என்று பொருள். 'ஃப்ரம்' என்றால் எந்த அட்டவணையிலிருந்து. 'வேர்' என்றால் எந்த நிபந்தனைக்கு உட்பட்டு. இம்மொழியை ஒருமுறை செம்மையாகக் கற்றவர், பின்னர் வேறு செர்வருக்கு மாறும்பொழுது சில வழக்குகளை மட்டும் புதிதாகப் பழகினால் போதும். ஆகவே தவறான செர்வரைத் தேர்ந்தால் பிள்ளையின் படிப்பே வீணாகும் என்று எவரும் அச்சுறுத்தினால் அதற்கு இடங்கொடுக்க வேண்டாம். ஆயினும் தொடக்கத்தில் எதனிடம் பழகுகிறோம் என்பது ஓரளவு முக்கியந்தான். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இன்று கற்போர் காதில் விழும் பெயர்கள் ஆறு. ஒவ்வொன்றையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். உங்கள் கைப்பேசிக்குள்ளும் இது இருக்கிறது. உண்மையில் இது செர்வர் அன்று. தனிக் கிராணியார் இல்லாமல் நாமே எழுதிக்கொள்ளும் கைக்குறிப்பு நோட்டைப் போன்றது. மிகப் பழைய கணினியிலும் ஓடும்.

இரண்டாவது, மைஎஸ்கியூஎல். 1995ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தது. அதனை ஆக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் வைடீனியஸ், தம் மூத்த மகள் 'மை' என்பவளின் பெயரையே அதற்கு வைத்தார். 2008ஆம் ஆண்டில் சன் நிறுவனம் அதனை வாங்கியது. 2010ஆம் ஆண்டில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

மூன்றாவது, மரியாடிபி. மைஎஸ்கியூஎல் பெரு நிறுவனத்தின் கைக்குப் போகும் நிலையை உணர்ந்த வைடீனியஸ், 2009ஆம் ஆண்டில் அதன் கிளையாக இதனைத் தொடங்கி, இளைய மகள் மரியாவின் பெயரைச் சூட்டினார். அக்கா தங்கை போன்று இவ்விரண்டும் பெரிதும் ஒத்திருக்கும்.

நான்காவது, போஸ்ட்கிரெஸ்கியூஎல். சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்பர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியின் வழித்தோன்றல். 1996ஆம் ஆண்டில் இன்றைய பெயரைப் பெற்றது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல், பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடி வளர்த்து வருகின்றனர்.

ஐந்தாவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்கியூஎல் சர்வர்; ஆறாவது ஆரக்கிள். இவ்விரண்டும் பெரும் நிறுவனங்களுக்கு விலைக்கு விற்கப்படுபவை. எனினும் கற்போருக்கென விலையில்லாப் பதிப்புகளும் உள்ளன. மைக்ரோசாப்ட் 2016 முதல் தன் 'டெவலப்பர்' பதிப்பை விலையின்றி வழங்குகிறது. அதனைக் கற்கவும் சோதிக்கவும் மட்டுமே பயன்படுத்தலாம், தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது. ஆரக்கிள் 2023இல் வெளியிட்ட விலையில்லாப் பதிப்பிலோ 12 கிகாபைட் வரையிலான விவரங்களையே வைக்கலாம்.

தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள்

கடையில் அரிசி வாங்கும்பொழுதுகூட நாம் நான்கு கேள்விகள் கேட்கிறோம் அல்லவா? இங்கும் அவ்வாறே கேட்போம்.

முதற் கேள்வி: விலை என்ன, உரிமை என்ன? மேற்சொன்ன ஆறையும் கற்பதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பழகியதை நாளை சிறு தொழிலுக்குப் பயன்படுத்த எண்ணினால் வேறுபாடு தெரியும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகியவற்றுக்கு அப்பொழுதும் கட்டணமில்லை. தோட்டத்துக் கூட்டுறவுக் கடைக்கோ, ஆலயக் கணக்குக்கோ தடையின்றிப் பயன்படுத்தலாம். விலையில்லாதது தரமற்றது என்னும் ஐயம் வேண்டாம். 2004ஆம் ஆண்டில் நம் அரசாங்கமே, அந்நாளில் மாம்பு எனப்பட்ட பிரிவின் வாயிலாக, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். திருட்டுத்தனமாகப் பூட்டுடைத்த மென்பொருளை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் ஏமாற வேண்டாம். விலையின்றி நேர்வழியிற் கிடைப்பதைக் குறுக்கு வழியிற் பெறுவானேன்?

இரண்டாம் கேள்வி: நம் கணினி தாங்குமா? போஸ்ட்கிரெஸ் தன் சேமிப்பு வேலைக்கென இயல்பாக ஒதுக்கிக்கொள்ளும் நினைவகம் 128 மெகாபைட். மைஎஸ்கியூஎலுக்கும் அதே அளவுதான். 4 கிகாபைட் கொண்ட கணினிக்கு இது பெரிய சுமையன்று. மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வரை நிறுவுவதற்கோ, வட்டில் குறைந்தது 6 கிகாபைட் இடமாவது வேண்டும் என அந்நிறுவனமே கூறுகிறது. பழைய கணினியில் அது தள்ளாடக்கூடும்.

மூன்றாம் கேள்வி: கிராணியார் கண்டிப்பானவரா? இதனைத்தான் பின்னர் சொல்வதாகக் கூறினேன். ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பின் இத்துறைக்கு வந்தவன் நான். பிள்ளையின் பிழையை உடனே சுட்டிக்காட்டும் ஆசிரியரிடமே பிள்ளை விரைந்து கற்கிறது என்பதை வகுப்பறையிற் கண்டவன்.

பால் எடை எழுதவேண்டிய கட்டத்தில், தவறுதலாக 'மழை' என்று ஒரு சொல்லைத் தட்டிவிட்டதாகக் கொள்வோம். எஸ்கியூலைட் இயல்பாக அதனை ஏற்று எழுதிக்கொள்ளும். கண்டிப்பு வேண்டுவோருக்காக ஒரு தனி முறையை அது 2021ஆம் ஆண்டில்தான் சேர்த்தது. மைஎஸ்கியூஎலில், 'இக்கட்டத்தில் 200 கிலோவுக்கு மேல் எழுதலாகாது' என்பது போன்ற விதியை நாம் இட்டாலும், 2019ஆம் ஆண்டு வரையில் வந்த பதிப்புகள் அதனைக் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் புறக்கணித்துவிடும். அதற்குப் பிந்திய பதிப்புகளில் அக்குறை நீங்கியுள்ளது. போஸ்ட்கிரெஸோ நெடுங்காலமாகவே கண்டிப்பானது. எண் இருக்கவேண்டிய இடத்தில் சொல்லை எழுத மறுக்கும். விதியை மீறினால் இன்ன விதி மீறப்பட்டது என்று பெயர் சொல்லித் திருப்பி அனுப்பும். கற்பவருக்கு முதல் வாரத்தில் இது தொல்லையாகத் தோன்றும். ஆனால் பிற்காலத்தில் மருத்துவமனையின் மருந்துக் கணக்கையோ, தொழிலாளரின் சம்பளக் கணக்கையோ கையாளப்போகும் பிள்ளைக்கு இந்தப் பழக்கமே காப்பு.

நான்காம் கேள்வி: தமிழ் தெரியுமா? கணினியில் தமிழ் எழுதுவதற்கு நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார் என்பது நமக்குப் பெருமை. இன்று யூனிகோடு எழுத்துமுறையில் தமிழை எந்த செர்வரிலும் சேமிக்கலாம். ஆனால் அகரவரிசைப்படுத்துவது வேறு செய்தி. யூனிகோடு அட்டவணையில் 'ன' என்னும் எழுத்து 'ந' என்பதற்கு அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ 'ன' மெய்யெழுத்துகளின் கடைசியில் வரும். எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், மனோன்மணி முன்னும் மயிலம்மாள் பின்னும் வந்துவிடுவர். எஸ்கியூலைட் இயல்பாக அப்படித்தான் செய்யும். போஸ்ட்கிரெஸில், 2017ஆம் ஆண்டில் வந்த 10ஆம் பதிப்பு முதல், தமிழ் வரிசையைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பெறலாம்.

என் பரிந்துரை

இந்நான்கு கேள்விகளுக்கும் ஒருங்கே நல்ல விடை தருவது போஸ்ட்கிரெஸ் என்பதே என் முடிவு. வீட்டில் 4 கிகாபைட் நினைவகக் கணினி இருந்தால் அதனையே நிறுவுங்கள். அதனினும் பழைய கணினி என்றால் எஸ்கியூலைட்டில் மொழியைப் பழகிக்கொண்டு, பிறகு போஸ்ட்கிரெஸுக்கு வாருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் போன்ற உயர்கல்விக்கூடங்களில் பயிலும் பிள்ளைகளுக்கு, விரிவுரையாளர் இன்ன செர்வரைப் பயன்படுத்துக என்று குறிப்பிட்டிருக்கலாம். அவ்வாறாயின் அதனையே முதலில் நிறுவ வேண்டும். தேர்வுத் தாளோடு வாதாடிப் பயனில்லை. தேர்வு முடிந்தபின் அதே பயிற்சியைப் போஸ்ட்கிரெஸில் ஒருமுறை செய்து பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் பாடமாகிவிடும்.

தொடங்கும் முறை எளிது. மென்பொருளை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ள வேண்டும். அது சில நூறு மெகாபைட் அளவுள்ளது. கைப்பேசி டேட்டாவைச் செலவிட மனமில்லாதோர், அருகில் 'நாடி' எனப்படும் தகவல் மையம் இருந்தால் அங்கே இறக்கிக்கொள்ள இயலுமா எனக் கேட்டறியலாம். நிறுவும்பொழுது கடவுச்சொல் கேட்கும். அதனை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தான் இருக்கும் கணினியிலிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டுமே விடை சொல்லும். கற்கும் காலத்தில் அந்த அமைப்பை மாற்றி வெளியுலகுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டாம்.

மாலை இடியும் மழையும் நம் ஜொகூருக்குப் புதியவையல்ல. வேலையின் நடுவே மின்சாரம் நின்றால் என்னாகும் எனப் பெற்றோர் கேட்கலாம். நல்ல கிராணியார், பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் தினக்குறிப்பில் எழுதிக்கொள்வார். போஸ்ட்கிரெஸும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிறகே அட்டவணையில் ஏற்றுகிறது. மின்சாரம் திரும்பியதும் அப்பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் வட்டே கெட்டுவிட்டால் எந்தக் கிராணியாராலும் காக்க முடியாது. ஆகவே வாரம் ஒருமுறை படியெடுத்துத் தனியே ஒரு விரலியில் வைக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பயிற்சிக்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மூன்று அட்டவணைகள் அமையுங்கள். ஒன்றில் தொழிலாளர் பெயர், இன்னொன்றில் மரநிரைகள், மூன்றாவதில் நாள், யார், எந்த நிரை, எத்தனை கிலோ பால். பின்னர் கேளுங்கள்: எந்த நிரை மிகுதியாகப் பால் தந்தது? மழையால் எத்தனை நாள் வேலை தடைபட்டது? அப்பாவின் கணக்கும் சம்பளச் சீட்டும் ஒத்துப்போகின்றனவா? பாடப் புத்தகத்துக் கேள்விகளைவிட இவை பிள்ளையின் மனத்தில் ஆழப் பதியும்.

தொடக்கத்தில் சொன்ன அன்பரை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். மகள் அவருடைய குறிப்பு நோட்டைப் பார்த்து மூன்று மாதப் பால் எடையை ஏற்றியிருக்கிறாள். ஓரிடத்தில் 35 என்பதற்கு 350 என்று தட்டிவிட்டாளாம். 200 கிலோவுக்கு மேல் ஏற்கலாகாது என்று அவளே இட்டிருந்த விதியைக் காட்டி, செர்வர் மறுத்துவிட்டதாம். "ஐயா, ஆள் கண்டிப்பானவர்தான். என் ஐயம் தீர்ந்தது" என்று சொல்லிச் சிரித்தார். சீட்டுப் பணம் என்னாயிற்று என்று கேட்டேன். மகளின் அடுத்த பருவக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

பெற்றோர்களே! நம் பாட்டன்மார் காடழித்து நட்ட நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. அவற்றின் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டும் நம் பிள்ளைகள் இருந்துவிடக் கூடாது. உள்ளே சென்று பணிபுரிவதற்கு வேண்டிய முதற் பயிற்சி, உங்கள் வீட்டு மேசையில் உள்ள பழைய கணினியிலேயே தொடங்கலாம். பெரிய இயந்திரம் வாங்கித் தர இயலவில்லையே என வருந்த வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம், தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, மேசையைப் பிள்ளைக்கு ஒழித்துக் கொடுங்கள். அதுவே இப்பொழுது அவர்களுக்குத் தேவையான உதவி.